மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்புங்கள்

ஓவியக் கல்லூரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கோவையில் ஒரு சின்ன பவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறையில், சூப்பர்வைசர். கரிக்கோட்டுப் படம் என்றால் தேடிப் போய்ப் பார்ப்பேன். ஆனால் மாணவர் கண்காட்சிகளில் ‘உழைப்பாளி’ என்று மாட்டியிருக்கும் படங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் நிற்கிறார்: ஓங்கிய சம்மட்டி, புடைத்த புஜம், வேதனை வழியும் முகம். அந்த ஆள் எங்கள் பட்டறையில் இல்லை.

உருகிய இரும்பை ஊற்றுகிறவரைப் பாருங்கள். லேடில் என்கிற ஊற்றுக் கரண்டியைப் பிடித்த கையின் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், முட்டி லேசாக மடங்கியிருக்கும். அனலுக்கு முகம் ஒருபக்கம் திரும்பினாலும் கண் அச்சின் வாயை விட்டு நகராது. நடுவில் ஊற்று அறுந்தால் வார்ப்பு போச்சு. வேதனையைக் காட்ட அவருக்கு ஏது நேரம்? வெளிச்சமோ கீழேயிருந்து வருகிறது. தாடையும் மூக்கின் அடியும் பளிச்சென்று இருக்க, நெற்றி இருட்டில் கிடக்கும். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துவிட்டு ரப்பரால் வெளிச்சத்தை எடுக்கிற முறைக்கு இதைவிடத் தோதான காட்சி கிடைக்காது.

மிகைப்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்த பிரபாகர் பச்புதே, சுவரிலேயே கரியால் சுரங்கத் தொழிலாளர்களை வரைகிறவர். சில உருவங்களுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது பொருள் இருக்கும். ஆனாலும் நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் வீட்டாரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அப்படிப் பிறந்தவர் இல்லை. அவருடைய கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்; அங்கே வந்துபோன பெண்களைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர் கோல்விட்ஸ். அவர் வரைந்த தொழிலாளிப் பெண்களின் தளர்ந்த தோளும் கனத்த கையும் மாடலை நிற்கவைத்து மட்டும் வந்தவை அல்ல.

அதனால் கேட்கிறேன்: உருவப்பட வகுப்பில் ஒரு பகுதியையாவது பட்டறையில் வையுங்கள். முதலாளியிடம் கேட்டால் மட்டும் போதாது, வரையப்படுகிறவரிடமும் கேட்க வேண்டும். ஊற்றுகிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். காலில் ஷூ, உடம்பில் பருத்திச் சட்டை; நைலான் வேண்டாம், பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், கண்காட்சி வைத்தால் எங்கள் ஆட்களையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வருவார்கள்.