படத்துக்குப் பெயர் வைத்துவிட்டு ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைத்தறிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் சொந்தமாக வெப்சைட் வைத்து விற்க வேண்டும் என்று பேப்பரில் எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். நல்லதுதான், நாங்களும் அதைக் கேட்டுத்தான் போட்டோம். ஆனால் போட்ட பிறகு அதற்குள் மாதாமாதம் ஏறிக் குவிகிற போட்டோக்களை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தயவுசெய்து போடுங்கள்.

எனக்கு ஊர் பவானி. மாமா வீட்டில் ஜமக்காளத் தறி, வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான். கோடிங் எதுவும் தெரியத் தேவையில்லாமல், இழுத்து வைத்துப் பக்கம் கட்டுகிற வகை தளம்தான். வருடச் சந்தா கட்டினால் படம் வைக்கிற இடமும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். படம் எல்லாம் 'மீடியா' என்ற ஒரே இடத்தில் போய்ச் சேரும். முதல் வருடம் முழுக்க நாங்கள் செய்தது ஒன்றுதான்: மாமா தறிமேட்டில் நின்று போனில் எடுப்பார், வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார், நான் அப்படியே ஏற்றிவிடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் ஐ.எம்.ஜி. என்று ஆரம்பித்து, தேதி, அப்புறம் டபிள்யூ.ஏ., அதன் பின்னால் நான்கு இலக்கம், இதுதான் பெயர். 7 என்ற எண்ணில் முடிகிற படம் மட்டும் வெவ்வேறு தேதியில் எத்தனை இருந்தது என்று எண்ணிப் பார்த்தபோது பதினொன்று இருந்தது.

அதனால் என்ன நடந்தது என்றால், போன தீபாவளிக்கு முன்னால் சென்னையில் இருந்து ஒருவர் சிவப்பில் கரும்பச்சைப் பட்டை போட்டது பன்னிரண்டு கேட்டார். நாங்கள் அனுப்பியதும் அதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த படம் முந்தின வருடத்து லாட், அதாவது வேறு தடவை சாயம் போட்ட நூல், அந்தச் சிவப்பு வேறு சிவப்பு. பன்னிரண்டும் திரும்பி வந்தது. மாமா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இது நம்ம பழைய சாயமாச்சே, கரையப் பாத்தாலே தெரியுதே" என்றார். அவருக்குப் பார்த்ததும் தெரிகிறது, பக்கம் கட்டுகிற எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் படத்தின் பெயரில் எதுவுமே இல்லை. நூல் கடையில் லாட் நம்பர் பார்க்காமல் ஒரு கட்டு வாங்க மாட்டோம், லாட் மாறினால் சாயம் மாறும் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தைப் படத்துக்கு மட்டும் நாங்கள் கொண்டுவரவில்லை.

இரண்டாவது நடந்ததுதான் பெரிய இழப்பு. இடம் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. இப்போதைய போனில் ஒரு படம் சாதாரணமாக 4, 5 எம்.பி. வருகிறது, இருநூறு படம் ஏற்றினால் ஒரு ஜி.பி. போய்விடும். வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் சொன்னோம், அவர் எந்தப் பக்கத்திலும் இல்லாதது என்று தோன்றியதையெல்லாம் ஒரே மூச்சில் அழித்துவிட்டார். அதில் எங்கள் தாத்தா குழித்தறியில் உட்கார்ந்திருந்த படமும் போனது. மேல்துண்டு தோளில், ஒரு கால் மிதியில், ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளுவதற்காகக் கை பாதி தூரம் நீண்டிருக்கும், ஜன்னல் வெளிச்சம் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் விழுந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். தாத்தா இப்போது இல்லை. படம் எடுத்த போனும் கெட்டுப்போய்விட்டது. சித்தி போனில் வாட்ஸ்அப் சுருக்கிய பிரதி ஒன்று கிடைத்தது, பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது, இழை ஒன்றும் தெரியவில்லை. வெப்சைட் செய்து கொடுத்தவர் வேண்டும் என்று செய்யவில்லை, பெயரில்லாத அத்தனை படத்தில் எது தாத்தா எது தரையில் விரித்த ஜமக்காளம் என்று பட்டியலில் யாருக்குத் தெரியும்?

எங்களுக்குப் படம் என்பது அலங்காரம் இல்லை. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பொருள்களில் ஜமக்காளமும் இருக்கிறது, 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. அப்படியும் விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு நாங்கள் காட்டக்கூடிய சாட்சி, தறியில் இருக்கும்போதே கிட்டத்தில் எடுத்த படம்தான். அது எந்தத் தறி, எந்த மாதம், என்ன நூல் என்று தெரியாவிட்டால் சாட்சியாகவும் பயன்படாது.

அடிபட்ட பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சென்னிமலையிலும் கரூரிலும் நெகமத்திலும் வெப்சைட் வைத்திருக்கிற யாருக்காவது உதவும். பெயரை ஏற்றுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு தலைப்பை மாற்றலாம், ஆனால் வெப்சைட் கட்ட உதவுகிற வேர்ட்பிரஸ் (WordPress) மாதிரித் தளங்களில் தலைப்பை மாற்றினாலும் பைலின் பெயரும் அதன் முகவரியும் பழையபடிதான் இருக்கும். பொருள், நிறம், அளவு, வருடம், மாதம் என்று எப்போதும் ஒரே வரிசையில் வையுங்கள். தேதியை 2024-03-15 என்று வருடத்தை முன்னால் போட்டு எழுதினால் ஒரே பொருள், நிறம், அளவு உள்ள படங்கள் பட்டியலில் தானாகவே கால வரிசையில் நிற்கும், நம் வழக்கப்படி நாள் எண்ணை முன்னால் போட்டால் எல்லா மாதத்துப் பதினைந்தாம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், எனக்கும் ஆசைதான். ஆனால் முகவரியில் தமிழ் எழுத்து சதவீதக் குறியும் எண்ணுமாக விரிந்துவிடுகிறது. 'ஜமக்காளம்' என்ற ஒரே சொல் 81 குறியாக நீளும், எழுதியும் பார்த்தேன். அதை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பினால் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து தொடமாட்டார்கள். அதனால் பைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு வைக்கிறோம். படத்துக்கு மாற்று உரை (alt text) என்று ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அங்கே தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். பார்வையில்லாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுவது அதைத்தான். "படம் 3" என்று எழுதாமல், "சிவப்பில் கரும்பச்சைப் பட்டை, நான்கடிக்கு ஆறடி, இரண்டு பக்கமும் குஞ்சம்" என்று எழுதினால் அவர்களும் எங்களிடம் வாங்கலாம்.

அப்புறம், போல்டர். விக்ஸ் (Wix) என்கிற, இழுத்து வைத்துப் பக்கம் கட்டுகிற தளத்தில் போல்டர் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் அது இயல்பாக இல்லை, ஏற்றிய மாதத்தையும் தேடலையும் நம்பித்தான் இருக்க வேண்டும், அங்கே பெயர் சரியில்லாவிட்டால் தேடியும் கிடைக்காது. அழிப்பதும் தளத்துக்குத் தளம் வேறு. வேர்ட்பிரஸில் மீடியாவில் இருந்து அழித்தால் அது நிரந்தரம், அந்தப் படம் எந்தெந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கெல்லாம் ஓட்டை விழும். எதையும் அழிக்கும் முன் ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருந்து அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. அந்த அசல் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும், வெப்சைட்டுக்குச் சிறிதாக்கிய பிரதி போதும். தளம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், ஒரு காலத்தில் அத்தனை பேர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற தளத்தையே யாகூ 2009-ல் மூடியது.

இதில் நான் இரண்டு பேரிடம் கேட்கிறேன். வெப்சைட் செய்து கொடுக்கிற தம்பி, தங்கைகளே, பாஸ்வேர்டைக் கொடுக்கும்போது கூடவே எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கொடுங்கள், ஒரு எக்செல் தாள் போதும். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் சரி, நாங்கள் கொடுப்போம். நெசவாளர் சங்கங்களுக்கும் சிறு தொழிலுக்கும் பயிற்சி நடத்துகிறவர்கள் போட்டோ எடுப்பதற்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள், விளம்பரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள், எடுத்த படத்தைப் பெயர் வைத்துப் பத்திரப்படுத்த அரை நாளாவது கொடுங்கள். ஆசிரியர் அவர்களும் இதைத் தெரிந்த ஒருவரை வைத்து எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதவைத்தால் வெட்டித் தறிச் சுவரில் ஒட்டிவைப்போம்.

நாங்கள் பொங்கல் லீவில் உட்கார்ந்து மிச்சமிருந்த 340 படத்துக்கும் பெயர் வைத்தோம். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்து நிறமும் வருடமும் சொல்ல, நான் அடித்தேன், நான்கு நாள் ஆனது. இப்போது தறியில் இருந்து ஜமக்காளம் இறங்கியதும் அளவையும் தேதியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதன் மேல் வைத்துத்தான் மாமா முதல் படத்தை எடுக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பவானி, ஈரோடு மாவட்டம்.