அம்மிணிக்கு: வண்டி வழியில் நின்றால்

அன்புள்ள அம்மிணி,

பொள்ளாச்சியில் நார்க்கட்டி ஏற்றி மாதம் இரண்டு நடை மைசூர் போகப் போவதாகச் சொன்னாய். வண்டி பழைய பொலேரோ பிக்கப். நன்றாக ஓடும், ஆனால் என்றைக்காவது எங்காவது நிற்கத்தான் செய்யும். அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது, ஆள் வருவதற்குள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதி அனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். இதை மடித்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்.

என்ஜின் இழுவை குறைகிறது என்று தெரிந்தவுடனே, வேகம் மிச்சம் இருக்கும்போதே இடது ஓரம் இறக்கு. வளைவிலும் பாலத்திலும் நிறுத்தாதே, இன்னும் நூறு அடி உருட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. நாலு இண்டிகேட்டரையும் போடு. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதே: மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ், கூடவே சக்கரத்துக்குக் கட்டை. முக்கோணப் பலகையை 50 மீட்டர் பின்னால் வை, உன் நடைக்கு அது எழுபது தப்படி. நாற்கரச் சாலையில் அதைப்போல இரண்டு மடங்கு தூரம். பிறகு வண்டிக்குள் உட்காராமல் சாலையை விட்டு விலகி, இடது பக்கத் தடுப்புக்கு அப்பால் நில். இருட்டில் நிற்கிற வண்டியின் பின்னால் லாரி வந்து மோதுவதுதான் பழுதைவிடப் பெரிய ஆபத்து. கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலையில் விட்டுவிட்டு வராதே.

அடுத்து போன். டோல் வசூலிக்கிற தேசிய நெடுஞ்சாலையில் 1033. ரோந்து வண்டியும் கிரேனும் வரும், பழுது பார்க்க மாட்டார்கள். வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்துக்கு ஓரங்கட்டிக் கொடுப்பது வரைதான் அவர்கள் வேலை. டோல் ரசீதையோ ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியையோ பார்த்தால் எந்த டோல்கேட்டைத் தாண்டி வந்தாய் என்று சொல்லலாம், அதை வைத்தே அவர்கள் இடத்தைப் பிடித்துவிடுவார்கள். பயமாக இருக்கிறது, ஆள் யாராவது தொல்லை செய்கிறான் என்றால் யோசிக்காமல் 112. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அதே எண்தான்.

இடத்தைச் சொல்ல வாட்ஸ்அப் லொகேஷன் மட்டும் போதாது. கிலோமீட்டர் கல்லைப் பார். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண்ணையும் ஊர்ப் பெயரையும் படம் எடுத்து அனுப்பு. எந்தப் பக்கம் போகிற பாதையில் நிற்கிறாய் என்பதையும் சொல். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் கிரேன் தப்பான பக்கம் வந்துவிட்டால் சுற்றி வர அரை மணி நேரம் போய்விடும். சிக்னலே இல்லையா, எதிரே வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்து. நடத்துனரிடம் எண்ணும் செய்தியும் எழுதின சீட்டைக் கொடுத்தால் அடுத்த ஊரில் சேர்த்துவிடுவார்.

மெக்கானிக்கிடம் "வண்டி நின்னு போச்சு" என்றால் அவர் வெறும் கையோடு வருவார், பார்த்துவிட்டு ஸ்பேர் வாங்கத் திரும்பிப் போவார். அதற்கும் சேர்த்து நீதான் காசு கொடுக்க வேண்டும். இப்படிச் சொல்: "பொலேரோ பிக்கப், 2523 சிசி டிஐ டர்போ, ரோட்டரி பம்ப், காமன் ரெயில் கிடையாது. செல்ஃப் அடிக்குது, என்ஜின் பிடிக்கல. புகையே வரல." இந்த மூன்று வரியில் பாதி நோய் தெரிந்துவிடும். செல்ஃப் சுற்றும்போது புகை இல்லையென்றால் நாசிலுக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனை) டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்து பிடிக்கவில்லையென்றால் டீசல் போகிறது, எரியவில்லை. நிற்கும் முன் திணறி நின்றதா, சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றதா என்பதையும் கவனித்துச் சொல். திணறி நின்றால் டீசல் ஃபில்டர் அடைப்பு, அல்லது டீசல் வழியில் காற்று புகுந்திருக்கிறது (அதைத்தான் ஏர் என்பார்கள்). டக்கென்று நின்றால் டீசல் பம்பில் இருக்கிற சோலினாய்டு (கரண்ட் வந்தால் டீசலைத் திறந்துவிடுகிற வால்வு) ஒயரை முதலில் பார். சாவியைப் போடும்போது பம்பில் "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஒயர் கழன்றிருக்கும், இல்லை ஃபியூஸ் போயிருக்கும். பாட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு தனி ஒயர் இழுத்து அந்த முனையில் கொடுத்தால் ஊர் வந்து சேரலாம். ஆனால் சாவியைத் திருப்பினால் என்ஜின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

ஏர் பிடித்திருந்தால் நீயே எடுக்கலாம். ஃபில்டர் தலையில் இருக்கிற சின்ன போல்ட்டை ஒரு சுற்று லூஸ் செய். கை பம்பை அடித்துக்கொண்டே இரு. முதலில் நுரை நுரையாக வரும், முப்பது நாற்பது அடியில் நுரை நின்று சுத்த டீசல் ஒழுகும். ஒழுகும்போதே போல்ட்டை இறுக்கு. பிறகு செல்ஃப் அடி, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் விடாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் கருகும், பாட்டரியும் இறங்கும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி (17ஆம் நம்பர், சிலதில் 19) வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல், டீசல் வந்ததும் இறுக்கு. அங்கே விரலை மட்டும் நீட்டாதே. அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசி குத்தின மாதிரித்தான் தெரியும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம்.

ஏர் எடுத்துக் கிளம்பி இருபது கிலோமீட்டரில் மறுபடி நின்றால், டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள வழியில் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம். அதனால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். ரப்பர் ஹோஸ் வெடிப்பு, தளர்ந்த கிளிப், ஃபில்டர் வாஷர் மூன்றையும் பார். கை பம்ப் அடித்தும் டீசலே வரவில்லையென்றால் டேங்க் மூடியைத் திற. "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் துவாரம் அடைத்திருக்கிறது. மூடியைக் கொஞ்சம் தளர்வாக வைத்து ஓட்டினால் போதும்.

இனி எதை வைத்து ஓட்டக்கூடாது என்று சொல்கிறேன். நம் வண்டியில் ஃபேன் பெல்ட் அறுந்தால் மூன்று வேலை ஒரே நேரத்தில் நின்றுவிடும். தண்ணீர் பம்ப் சுற்றாது. டைனமோ சார்ஜ் ஏற்றாது. டைனமோவின் பின்னாலேயே இருக்கிற வேக்குவம் பம்பும் நின்றுவிடும், பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கிற பூஸ்டருக்கு அதுதான் உயிர். சேர்ந்திருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு வரும், அதன்பிறகு பிரேக் கல்லாகிவிடும். பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால் "சார்ஜ் இல்லை, பகல்தானே" என்று ஓட்டிவிடாதே, இறங்கி பெல்ட் இருக்கிறதா என்று பார். பெல்ட் சரியாக இருந்து டைனமோ மட்டும் போயிருந்தால், ஏசி, விளக்கு எல்லாம் அணைத்துப் பகலில் நெடுந்தூரம் வரலாம். இந்தப் பம்பு என்ஜினுக்குக் கரண்ட் அந்த சோலினாய்டுக்கு மட்டும்தான் வேண்டும்.

அந்த வேக்குவம் பம்புக்கு என்ஜின் ஆயில் போகிற ஹோஸ் ஒன்று உண்டு. வெடித்தால் ஆயில் முழுவதும் சாலையில்தான். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணை, "அந்த டீக்கடை வரைக்கும்" என்ற பேச்சே கூடாது.

ஹீட் ஏறினால், தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், ஓரங்கட்டி சும்மா ஓடவிடு, ஃபேன் சுற்றி இறங்கும். ஹோஸ் வெடித்துத் தண்ணீரெல்லாம் போய்விட்டது என்றால் உடனே அணை. முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஹோஸ் வெடிப்புக்கு சைக்கிள் டியூபைக் கீறி இறுகச் சுற்றி, மூடியை முழுவதும் இறுக்காமல் விட்டால் அழுத்தம் ஏறாது, மெதுவாக அடுத்த ஊர் போகலாம். ஆனால் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் கேஜில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதற்கு மேல் கட்டி இழுப்பதுதான்.

டர்போ ஆயில் சீல் போனால் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு நாலாம் கியர் போட்டு கிளட்சை விடு, திணறி அணையும். காற்று போகிற வாயைக் கையால் மூடப் போகாதே.

டோ செய்வதாக இருந்தால், வண்டியை முழுவதும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற ஃபிளாட் பெட் கேள். கிரேன்தான் கிடைத்தது, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால், தூரம் அதிகமானால் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல். என்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸின் உள்ளே ஆயிலை மேலே தெளிக்கிற பல் சுற்றாது, பின்சக்கரம் மட்டும் மெயின் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐம்பது கிலோமீட்டரில் பேரிங் தேய்ந்துவிடும். பின் ஆக்ஸில் ஹௌசிங் பக்கம் நாலு போல்ட், பத்து நிமிட வேலை. கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல், திரும்ப அதே இடத்தில் பொருத்தினால்தான் ஆட்டம் வராது. கயிறு கட்டி இழுத்தால் இறக்கத்தில் சம்மதிக்காதே, என்ஜின் ஓடாததால் உன் பிரேக் கல்லாகத்தான் இருக்கும். வாடகையை ஏற்றும் முன்பே பேசு: திரும்பிப் போகிற கிலோமீட்டரும் டோலும் காத்திருப்பும் அதில் அடக்கமா என்று கேட்டு, பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. சாதா இன்சூரன்ஸ் விபத்துக்குத்தான், வெறும் பழுதுக்குப் பைசா வராது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் தனியாகச் சேர்த்திருக்கிறோமா என்று பாலிசியில் பார். சில பாலிசியில் பழைய வண்டிக்கு அதைத் தருவதே இல்லை.

பழக்கமில்லாத மெக்கானிக் முதல் பேச்சிலேயே "பம்ப் இறக்கணும்" என்றால் வேண்டாம் என்று சொல். பம்ப் வேலை சாலை ஓரத்தில் செய்கிற வேலை இல்லை, அதற்கு டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் சர்வீஸ் வேண்டும். சில ஊர்களில் இன்னமும் மைக்கோ (போஷ் கம்பெனியின் பழைய பெயர்) என்று பழைய பெயர்ப் பலகையே இருக்கும். மாற்றின பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள். ஸ்பேர் கடைக்கு அந்தப் பழைய சாமானையே கொண்டு போனால்தான் பொருந்துகிறது கிடைக்கும்.

நின்று ஒரு மணி நேரத்தில் சரியாகாது என்று தெரிந்தால் சரக்குக்காரருக்கு முதலில் சொல்லிவிடு. சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்து இ-வே பில் (சரக்கு கொண்டு போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற சீட்டு) போட்டிருந்தால், வேறு வண்டிக்கு மாற்றும் முன் அதன் பகுதி 'பி'யில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். மாற்றாமல் அடுத்த செக்கிங்கில் மாட்டினால் அபராதம் பழுதுச் செலவை மிஞ்சிவிடும். அந்த பில் செல்லுவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான் நீட்டிக்க முடியும்.

கடைசியாக, மைசூர் வழியில் இருக்கிற திம்பம் மலைக்காட்டுப் பாதை. 27 கொண்டை ஊசி வளைவு, பாரத்தோடு ஏறும்போதுதான் ஹீட்டும் கிளட்சும் சோதிக்கும். சரக்கு வண்டிக்கு அங்கே இரவுத் தடையும் உண்டு. மதியம் இரண்டு மணிக்குள் பண்ணாரி தாண்ட முடியாவிட்டால் சத்தியமங்கலத்திலேயே தங்கிவிடு. நின்றால் சரிசெய்யவோ கட்டி இழுக்கவோ நாலு மணி நேரமாவது வேண்டும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாற்கரச் சாலைக்குச் சொன்னது இங்கே தலைகீழ். வளைவைத் தாண்டி ஓரத்தில் நின்றால் வண்டிக்குள்ளேயே இரு, கண்ணாடியை ஏற்று, ஹாரன் வேண்டாம். காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை சாலையிலேயே காத்து நிற்கும். மேலே வருகிற லாரிக்காரரிடம் ஆசனூர் சோதனைச்சாவடியில் சொல்லச் சொன்னால் போதும்.

வண்டியில் ஃபில்டர் ஒன்று, மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், நாலு கிளிப், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு லிட்டர் ஆயில், ஃபியூஸ், டார்ச் எல்லாம் சீட்டுக்குப் பின்னால் பெட்டியில் வைத்திருக்கிறேன். டேங்க் லேசாகக் கசிந்தால் அழுத்தித் தேய்க்க ஒரு பார் சோப்பும் அதிலேயே இருக்கிறது. பெல்ட் மட்டும் இல்லை. இப்போது மாட்டியிருக்கிற பெல்ட்டின் முதுகில் எண் அச்சடித்திருக்கும், என்ஜின் ஆறின பிறகு துணியால் துடைத்துப் படம் எடுத்து அனுப்பு. அதே எண்ணில் இரண்டு வாங்கி வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் போடுகிறேன். அது வந்து சேர்ந்த பிறகு மைசூர் கிளம்பு.

அப்பா