வெளிநாட்டுக் குடியிருப்போர் சங்கம், அல்புஹார்ரா (ஸ்பெயின், கிரனாதா மாகாணம்): 2023-ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்தது தண்ணீர்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். மழை பொய்த்தது, சியெரா நெவாதா மலையில் பனியும் போதவில்லை. ஏப்ரல் 27 அன்றே கோர்தொபா நகரில் வெயில் 38.8 டிகிரியைத் தொட்டது. நம் ஊர்த் தோட்டங்கள் எல்லாம் பனி உருகி வாய்க்காலில் இறங்கும் தண்ணீரை நம்பியவை என்பதால், பாசனச் சங்கம் ஒவ்வொருவருக்கும் உள்ள முறை நேரத்தைக் குறைத்தது.

மே மாதம் நம் உறுப்பினர் ஒருவர் அடுத்தவர் முறையில் மடையைத் திறந்துவிட்டார். கீழ்த்தோட்டத்துப் பெரியவரின் பீன்ஸ் பாத்தி வாடிப்போனது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் காலையில் ரொட்டி வண்டி ஹாரன் அடித்ததும் கூடும் கூட்டத்தில், நம்மவர் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வரவில்லை. தலைவர் நேரில் போய்ப் பேசித்தான் விஷயம் தணிந்தது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மடை என்றதும் இரும்புக் கதவை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பலகைக்கல், அதன் ஓரத்தில் திணித்த பழஞ்சாக்கு, மேலே கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். உங்கள் நேரம் வந்ததும் கல்லைப் பெயர்க்க வேண்டும்; முடிந்ததும் அதே சாக்கை வைத்து ஒழுகாமல் அடைக்க வேண்டும். முறை நள்ளிரவில் வந்தாலும் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

வசந்தத்தில் நடக்கும் வாய்க்கால் குடிமராமத்துக்கு இம்முறை நம் உறுப்பினர்கள் சிலர் போனார்கள். நாம் நடத்திய எல்லா விருந்துகளையும்விட அந்தத் தூர்வாரல்தான் ஊரோடு நம்மை ஒட்டவைத்தது என்பது என் கருத்து. நம் விருந்துகளில் நாமே சமைத்து, நாமே சாப்பிட்டு, ஆங்கிலத்தில் பேசிக் கலைகிறோம். ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன வேலை?

நம்மை வெளியூர்க்காரர் என்கிறார்களே என்று வருந்துவோருக்கு ஒரு செய்தி. இந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் முஸ்லிம் ஆட்சிக்காலத்து உழவர்கள். 1568-இல் மொரிஸ்கோக்கள் (கட்டாயத்தால் கிறித்தவராக்கப்பட்ட அந்த முஸ்லிம்களின் வழிவந்தவர்கள்) கிளர்ந்து, அது அடக்கப்பட்ட பின் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கே கலீசியா, லெயோன் பக்கத்திலிருந்து குடிகளைக் கொண்டுவந்து ஊர்களை நிரப்பினார்கள். புதியவர்களுக்குப் பாசனம் கற்றுத்தர ஊருக்கு இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை விட்டுவைத்தார்கள் என்று சொல்வார்கள். ஆக, இன்றைய ஊர்க்காரர்களின் முன்னோரும் வந்து படித்துக்கொண்டவர்களே!

அடுத்து பத்ரோன், அதாவது நகராட்சியில் குடியிருப்போர் பதிவேடு. வரி கூடிவிடும் என்று பயந்து பதியாமல் இருப்பவர்கள் இன்னும் உண்டு. வரிக்கு வேறு கணக்கு. பதிவேட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பதிவான தலைக்கு ஏற்பத்தான் நகராட்சிக்கு அரசுப் பணம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து, நிரந்தர வசிப்புரிமை இன்னும் கிடைக்காதவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும். மே 28 உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போன பிரிட்டிஷ் உறுப்பினர்கள், தங்களுக்கான வாக்காளர் பதிவு ஜனவரியிலேயே முடிந்துவிட்டதைக் கவனிக்காதவர்கள்தான். அடுத்த தேர்தல் 2027-இல். அதில் வாக்களிக்க அவர்களுக்கு மூன்று ஆண்டு வசிப்பும் வேண்டும்.

பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமங்கள் 2022 மே மாதம் முதல் செல்லாமல் கிடந்தன. 2023 மார்ச் 16 அன்று நடைமுறைக்கு வந்த உடன்பாட்டால், தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. அந்த மாதங்களில் வியாழன்தோறும் ஓர்ஹிவா சந்தைக்கு மற்றவர்களை ஏற்றிச்சென்ற உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

மருத்துவம் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஓராண்டு வசித்தபின் மாதக் கட்டணம் செலுத்தி அரசு மருத்துவத்தில் சேரலாம். 65 வயதுக்குக் கீழ் 60 யூரோ, அதற்குமேல் 157 யூரோ. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பெறுவோருக்கு எஸ்-1 படிவம் (மருத்துவச் செலவைப் பிரிட்டன் ஏற்பதற்கான சான்று) போதும், இந்தக் கட்டணம் தேவையில்லை.

வீடு பற்றி ஒன்றே ஒன்று. தட்டைக் கூரையில் இருக்கும் லவுனா என்ற சாம்பல்நிறக் களிமண்ணை எடுத்துவிட்டு சிமென்ட் பூசாதீர்கள். வெடித்த இடத்தில் மண்ணைத் தூவினால் மழையில் அதுவே இறுகிக்கொள்ளும். தேய்பிறையில்தான் போட வேண்டும் என்பது ஊர் வழக்கு. நம்பாவிட்டாலும் கொத்தனாரிடம் வாதாட வேண்டாம். 12.5 கிலோ பியூட்டேன் சிலிண்டரை மாடிக்குத் தூக்க முடியாத மூத்தவர்களுக்கு உதவும் இளைஞர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது. ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை தோட்டக் கழிவுகளை எரிக்கவே கூடாது.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. வசந்தகாலக் குடிமராமத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஆள் அனுப்புவது. மாத விருந்துகளில் ஒன்றுவிட்டு ஒன்றை ஊர்க்காரர்களையும் அழைத்து ஸ்பானிஷில் நடத்துவது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அவர் இவ்வாண்டோடு விலகுவதால், அப்பொறுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தெரிவிக்கவும். வங்கியோடு தொலைபேசியில் ஸ்பானிஷ் பேசத் துணிந்தவராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்