விழுந்த இடமா, முன்னேறிய இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகளில், பந்தைப் பிடித்தவர் விழுந்த இடத்திலிருந்தே அவரது அணியின் அடுத்த முயற்சி தொடங்கும் என்று பொருள்படும் வரிகளை அவ்வப்போது காண்கிறேன். எதிரணியினர் அவரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அது பொருந்தாது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் விதிப்படி, பந்துடன் ஓடுபவரோ அந்தரத்தில் எழும்பிப் பந்தைப் பிடிப்பவரோ எதிரணியின் கோல் கோட்டை நோக்கி எதுவரை முன்னேறினாரோ அதுவே கணக்கு. அதன் பிறகு எதிராளி அவரைத் தள்ளினாலும் தூக்கிச் சென்றாலும் அந்த இழப்பு அவரைச் சேராது. இதைத்தான் 'ஃபார்வர்ட் புரோகிரஸ்' என்கிறார்கள். மாறாக, பிடியிலிருந்து நழுவும் எண்ணத்தில் அவராகவே பின்னோக்கி ஓடி அங்கே மடக்கப்பட்டால், அந்த யார்டுகள் போனவைதான். ஆகவே, பந்து எங்கே நின்றது என்பதோடு, அது யாரால் பின்னே வந்தது என்பதையும் நடுவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் கேட்சில் இது இன்னும் கடினம். பந்து கைக்குள் அடங்கி, இரண்டு கால்களோ கையல்லாத வேறோர் உடற்பகுதியோ எல்லைக்குள் பதிந்து, ஆட்டத்துக்குரிய ஒரு செயலைச் செய்யும் அளவுக்கு நேரமும் கழிந்தால்தான் அது கேட்ச். கல்லூரி ஆட்டங்களில் ஒரு கால் பதிந்தாலே போதும். அந்தரத்தில் பந்தைப் பற்றியவரை, கால் ஊன்றுவதற்கு முன்பே எதிராளி இரண்டு யார்டு பின்னுக்குத் தள்ளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தரையைத் தொடும்வரை கேட்ச் என்ற ஒன்றே நிகழவில்லை. நிகழ்ந்துவிட்டதென்று முடிவானதும், கேட்சே ஆகாதிருந்த அந்த நொடியின் இடத்துக்குப் பந்து திரும்புகிறது. முன்தேதியிட்டு எழுதும் ரசீது போன்ற விசித்திரமான ஏற்பாடு இது. காலைக் கவனித்துக்கொண்டே, மேலே பந்து இருந்த இடத்தையும் நடுவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பந்து நழுவி விழுந்தாலோ அந்த நினைவால் பயனில்லை.

கணக்கில் வருவது பந்தின் இடமே தவிரக் காலின் இடமன்று. 2008 டிசம்பர் 14 அன்று பால்டிமோரில், பிட்ஸ்பர்க் அணியின் சான்டோனியோ ஹோம்ஸ் இரு கால்களையும் கோல் கோட்டுக்கு அப்பால் ஊன்றியே பந்தைப் பிடித்தார். ஆனாலும் பந்து கோட்டைத் தொடவில்லை என்று முதலில் டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்குக் கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளிகள்) மறுக்கப்பட்டது. வீடியோ பார்த்த பிறகே அது வழங்கப்பட்டு, பிட்ஸ்பர்க் 13-9 என வென்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய வாதம் ரசிகர்களிடையே இன்னும் முடியவில்லை.

2025 முதல் என்எஃப்எல் ஹாக்-ஐ கேமராக்களைக் கொண்டு அளப்பதால் இத்தகைய சர்ச்சைகள் தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தக் கேமராக்கள், வைக்கப்பட்ட பந்துக்கும், புதிய முயற்சிகளைப் பெற அணி எட்ட வேண்டிய கோட்டுக்கும் இடையிலான தூரத்தையே அளக்கின்றன; பந்தை எங்கே வைப்பது என்பதை இன்றும் மனிதக் கண்தான் சொல்கிறது.

எனவே 'விழுந்தார்' என்று எழுதும் இடத்தில், தள்ளப்பட்டாரா, தானே பின்வாங்கினாரா என்பதையும் ஒரு சொல்லில் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்