நகராததற்கும் உயிர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பரீட்சையில், படகின் அடியில் கல் போல ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை (barnacle) உயிருள்ளவை வரிசையில் எழுதியதற்கு, ‘அது நகராது’ என்று மார்க் குறைத்துவிட்டார்கள். காசிமேட்டில் படகுகளின் அடிப்பக்கம் சுரண்டுவதே என் பிழைப்பு என்பதால் இதை எழுதுகிறேன்.

கொட்டலசு, இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். தோதான இடம் கிடைத்ததும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் ஒட்டினது ஒட்டினதுதான். தண்ணீருக்குள் ஓட்டின் வாயைத் திறந்து, இறகு போன்ற கால்களை வீசி வீசி, மிதந்து வரும் பொடி உயிர்களை வாரித் தின்னும். மேலே நிழல் விழுந்தால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தின்கிறது, சுவாசிக்கிறது, கழிக்கிறது, வளர்கிறது, உணர்கிறது, இனம் பெருக்குகிறது. இன்னும் என்ன வேண்டும்?

நகர்வதுதான் அடையாளம் என்றால் மாநகரப் பேருந்துக்கும் உயிர் உண்டு. வளர்வது மட்டும் என்றாலும் போதாது. உப்பளத்தில் உப்புக்கல்லும்தான் வளர்கிறது, ஆனால் அதற்குள் செல் கிடையாது. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது, அதற்காக அதை உயிரற்றது என்போமா? எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரம் நின்ற இடத்திலேயே, சேற்றுக்கு மேலே வேரை நீட்டிக் காற்று வாங்குகிறது. வைரஸ் விஷயத்தில் விஞ்ஞானிகளுக்கே வழக்கு தீரவில்லை, அதை விடுங்கள்.

சரி, மார்க் போனால் போகட்டும். அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு நாள் இங்கே அழைத்து வரலாம். படகைக் கரையேற்றியவுடன் வந்தால் நல்லது. வெயில் பட்டால் கொட்டலசு ஓட்டின் வாயை இறுக மூடிக்கொள்ளும். வாளியில் கடல்தண்ணீர் பிடித்துப் போட்டுக் காட்ட நான் தயார்.

– படகுத் தொழிலாளி, காசிமேடு, சென்னை