பில் பத்திரமாக இருக்கிறதா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நம் தோளில் ஏறி விளையாடிய குழந்தை!

ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக மனதை அரிக்கிறது. அவளுக்கு வாங்கிய மடிக்கணினி ஐந்தே மாதத்தில் திரை இருண்டு போனது, கடைக்காரர் "எங்களுக்குச் சம்பந்தமில்லை, கம்பெனியைப் பாருங்கள்" என்றார், நீயும் பேசாமல் திரும்பிவிட்டாய். ஏனப்பா?

அவருக்குச் சம்பந்தம் உண்டு. பணம் வாங்கியவர் அவர்தானே. வாரண்டி என்பது தயாரிப்பாளர் தன் விருப்பத்தில் கொடுக்கும் வாக்கு. சட்டம் தரும் உரிமை வேறு. அதை வாரண்டி அட்டை குறைத்துவிட முடியாது. நாட்டுக்கு நாடு கணக்கு மாறும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்கு விற்றவரே குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு. முதல் ஆண்டில் தலைகாட்டும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று சொன்னால், அதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் பழுதானது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கைபேசி சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடத்தில் "தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்றார்கள். உள்ளே ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சிறு ஒட்டுத்தாள் இருக்கும். அதைத் திறந்து காட்டுங்கள், இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. திறந்தார்கள். வெள்ளையாகவே இருந்தது. மறுவாரம் போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். எழுத்தில் கேட்காமல் இருந்திருந்தால் என் பணம்தான் போயிருக்கும்.

அதனால் நீயும் வாய்ப்பேச்சோடு விடாதே. கடைக்கு மின்னஞ்சல் அனுப்பு: வாங்கிய தேதி, பில் எண், சீரியல் நம்பர், கோளாறு எப்போது தொடங்கியது, உனக்கு என்ன வேண்டும் என்பது. பதிலுக்கு ஒரு தேதியும் குறிப்பிடு. கணினியைக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிடு. பிறகு "இந்தக் கீறல் ஏற்கனவே இருந்தது" என்ற பேச்சு வராது. அவள் கோப்புகளை வேறெங்காவது நகலெடுத்து வைக்கச் சொல், பழுது பார்க்கும்போது எல்லாம் அழிந்துபோகலாம். திரை இருண்டாலும் வெளித்திரை ஒன்றை இணைத்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். அப்புறம் ஜாப் ஷீட், அதாவது பழுதுபார்க்க வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் எழுதித் தரும் சீட்டு. அதில் "செக்கிங்" என்று மட்டும் எழுத விடாதே. "திரை முழுவதும் இருள்கிறது" என்று கோளாறையே எழுத வை. ஒருவேளை சரிசெய்து கொடுத்த பிறகு அதே கோளாறு திரும்ப வந்தால், மாற்றோ பணமோ கேட்க அந்தத் தாள்தான் உன் பலம். அதுவரை தெரிந்தவர் யாரிடமும் கொடுத்துப் பிரிக்க வேண்டாம்.

பில்லைத் தேடி எடு. கிடைக்காவிட்டால் கார்டில் கட்டிய வங்கிப் பதிவும் உதவும். இரண்டில் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு, கடைக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். இந்த ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்