ஒரு மஃப்ளர் எங்களிடம் இருக்கிறது

அன்புள்ள எல்லோருக்கும்,

என் வீட்டுக்காரர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் தடிதான், ஆனாலும் தன் காலால் படியேறி வந்தார். ஜனவரியில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த நடுக்கம் அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இங்கே தோக்கியோவின் நிஷிகசாயிலிருந்து ரயிலேறி ரசமும் பருப்புத் துவையலும் சுமந்து வந்தவர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறூட்டித் தூங்கவைத்த கீழ்வீட்டு அம்மா, ஆஸ்பத்திரித் தாள்களை நள்ளிரவிலும் போனில் படித்துச் சொன்ன நண்பர், அத்தையை அம்பாசமுத்திரத்திலிருந்து விமானம் ஏற்றிவிட்ட உறவுகள். பெயர் பெயராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். உங்கள் ஒவ்வொருவரின் முகமும் எனக்குள் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது தோக்கியோவில் ரியோகொகு பக்கம். சுமோ அரங்கம் இருக்கிற இடம். சுமோ வீரர்கள் சைக்கிளில் போவதும் கடை வரிசையில் நிற்பதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஏழு வருடமாகப் பார்க்கிறேன், அவர்கள் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிப்ரவரியில் இவருக்குக் கால் பயிற்சி தொடங்கியபோது, அதே கூடத்தில் முழங்கால் சிகிச்சைக்கு ஒரு சுமோத் தம்பியும் வந்தான். 23 வயது. உச்சிக் குடுமி, யுகாதா என்கிற மெல்லிய பருத்தி அங்கி ஒன்று, வெறுங்காலில் கட்டைச் செருப்பு. வெளியே பனி தூவிக்கொண்டிருக்கும், தாழ்வாரத்தில் டக் டக் என்று அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும். அத்தை அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தாள். நூல் சேலை, மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர். காத்திருக்கும் பெஞ்சில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகனைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. அவளுக்கு ஒரு கம்பளித் துணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

மறுநாள் அந்தத் தம்பி ஒரு காகிதப் பையோடு வந்தான். அதிலிருந்து கரு நீல மஃப்ளர் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினான். "ஒபாச்சான்" என்று மட்டும் சொன்னான். பாட்டி என்று அர்த்தம். அத்தைக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. அவள் வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். குடுமிக்குத் தடவும் எண்ணெயின் இனிப்பு வாசனை அதில் இருந்தது. "பிள்ளை வெறும் துணியோட நிக்கான், எனக்குக் கொண்டாந்து தாறான் பாரு" என்றாள். திருப்பிக் கொடுக்கப் போனேன். இப்போது தனக்குத் தேவையில்லை, மேலே போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றான். மேலே என்றால் மாடி என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சி கொடுக்கும் அம்மையார்தான் விளக்கினார். சுமோவில் ஆறு அடுக்கு. மேல் இரண்டு அடுக்கில் இருக்கும் 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு அவரவர் சுமோப் பயிற்சிக் கூடத்தில் சோறும் படுக்க இடமும், போட்டிக்குப் போட்டி கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும். சமைப்பது, பெருக்குவது, மூத்தவர்களுக்கு முதுகு தேய்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. உடுப்புக்கும் படிநிலை உண்டு. கடைசி இரண்டு அடுக்கில் இருப்பவர்களுக்கு எந்தக் குளிரிலும் யுகாதாவும் கட்டைச் செருப்பும்தான். மேலிருந்து மூன்றாவது அடுக்கான மாகுஷிதாவுக்கு ஏறிய பிறகுதான் கோட்டும் மஃப்ளரும் போடலாம். காயம்பட்டு ஆடாமல் இருந்தாலும் தோற்ற கணக்குத்தான். பட்டியலில் இறங்கிக்கொண்டே போக வேண்டியது, இறங்கினால் கோட்டைக் கழற்றிவிட வேண்டியது.

அந்தத் தம்பி 15 வயதில் சேர்ந்து, ஆறு வருடம் உழைத்து மாகுஷிதாவைத் தொட்டவன். அப்போது வாங்கிய மஃப்ளர் அது. முழங்கால் போய் ஜோனிதானுக்கு இறங்கிவிட்டான். ஐந்தாவது அடுக்கு. தனக்குப் போட உரிமையில்லாத மஃப்ளரை மடித்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். அதைத்தான் முன்பின் தெரியாத ஒரு கிழவியின் கழுத்துக்குக் கொண்டுவந்தான். அன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜனவரியிலிருந்து அதுவரை நான் அழவில்லை.

இவரிடமும் அவன் பேசினான். இனி என்னால் நடக்க முடியாது என்று இவர் சொன்ன ஒரு நாளில், தெருனோஃபூஜியின் கதையைச் சொன்னான். மங்கோலியாவிலிருந்து வந்தவர், 2015இல் ஓசெகி என்கிற பெரிய தரத்துக்கு ஏறியவர். அதற்கு மேல் யோகோசுனா என்கிற உச்சத் தரம் மட்டும்தான். இரண்டு முழங்காலும் கெட்டு, சர்க்கரை நோயும் சேர்ந்து, ஜோனிதானில் 48ஆம் இடம் வரை சரிந்தார். ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே போனது அதற்கு முன் நடந்ததே இல்லை. விலகிவிடுகிறேன் என்று பல முறை கேட்டும் அவருடைய குரு விடவில்லை. 2021 ஜூலையில் 73ஆவது யோகோசுனா ஆனார், மொத்தம் 10 பட்டம் வென்றார்.

பட்டத்தைக் கேட்டு இவர் அசைந்துவிடவில்லை, சரிந்த பிறகு நடந்த ஒன்றைக் கேட்டுத்தான். 2019 மார்ச்சில், ஒசாகாவில், ஒரு காலை நேரம். மேல் அடுக்கில் பட்டுக் கச்சை கட்டிய மனிதர் பையன்களோடு பையனாகக் கறுப்புப் பருத்திக் கச்சையில், பெரும்பாலும் காலியான அரங்கில் மேடையேறினார். தம்பி அதைச் சொல்லும்போது எழுந்து நின்று, கட்டுப்போட்ட காலைத் தூக்கி மெல்ல ஊன்றிக் காட்டினானாம். மறுநாள் இவர் கம்பியைப் பிடித்து நான்கு எட்டு வைத்தார்.

பிப்ரவரி கடைசியில் அவன் தன் சுமோக் கூடத்தோடு ஒசாகா போய்விட்டான். இந்த மார்ச் போட்டியில் அவன் ஆட்டங்களைக் காலையில் போனில் நேரலையாகப் பார்த்தோம், கட்டிலில் இவர், பக்கத்தில் அத்தை மஃப்ளரோடு. ஏழு ஆட்டத்தில் ஐந்து வென்றான். நான்கு வென்றாலே பட்டியலில் மேலே ஏறலாம். கடைசி ஆட்டம் முடிந்ததும் அத்தை போன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவன் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். தம்பி, இதை நீ படிக்கப் போவதில்லை. ஆனாலும் இது உனக்குத்தான்.

மாகுஷிதாவுக்கு இன்னும் பல மாதம் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மே மாதப் போட்டி இங்கே ரியோகொகுவில். அவன் ஆடும் நாளில் காலையிலேயே போய், அந்தக் காலி இருக்கைகளில் நாங்கள் நான்கு பேரும் உட்காருவோம். இவர் தடியோடு வருவார். அதற்காகவே அத்தை ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

இன்று காலை அவள் மஃப்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டாள். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். அவன் கேக்கும்போது அவன் சாமானா இருக்கணும்" என்கிறாள்.

நன்றியுடன்,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டவள்